அக்ரோபோரா அடியிலிருந்து வெளுத்துக்கொண்டு வருகிறது, அவசர உதவி தேவை

ஈசூன்வாசி
அனைவருக்கும் வணக்கம். என் கடல்நீர்த் தொட்டியில் இரண்டு அக்ரோபோரா பவளங்கள் இருக்கின்றன. ஒன்று நீலம், மற்றொன்று ஊதா நுனி கொண்டது. பத்து நாட்களாக இரண்டுமே அடிப்பகுதியிலிருந்து வெள்ளையாகிக்கொண்டு வருகின்றன. ஞாயிற்றுக்கிழமை ஒரு விரல் அகலம் இருந்த வெள்ளை இன்று இரண்டு விரல் அகலத்திற்கு ஏறிவிட்டது. நீர் அளவுகள் எல்லாம் சரியாகவே இருக்கின்றன. பாதுகாப்புக்காக நீரையும் மாற்றிவிட்டேன், ஆனாலும் நிற்கவில்லை. மீன்களும் ஹேமர் என்ற இன்னொரு வகைப் பவளமும் நன்றாகவே இருக்கின்றன. நாளை காலை வேலைக்குப் போக வேண்டும் என்பதால், இன்றிரவே செய்யக்கூடியது எதுவும் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

உப்புக்கரை
நண்பரே, "எல்லாம் சரி" என்பதை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் சொல்ல முடியாது. ஆல்கலினிட்டி (பவளம் எலும்பு கட்ட எடுத்துக்கொள்ளும் கார்பனேட்டின் அளவு), நைட்ரேட், பாஸ்பேட், உப்புத்தன்மை, வெப்பநிலை ஆகியவற்றை எண்களாகத் தாருங்கள். தொட்டியின் கொள்ளளவு, வயது, எவ்வளவு நீரை எத்தனை முறை மாற்றினீர்கள் என்பதும் வேண்டும்.

இன்னொன்றையும் பார்த்துச் சொல்லுங்கள். வெள்ளையான இடத்தில் மெல்லிய தோல் போன்ற சதை இன்னும் இருந்து, பாலிப்கள் (பவளத்தின் சிற்றுயிர்கள்) கைகளை நீட்டுகின்றன என்றால் அது வெளிறல். பவளம் உயிரோடு இருக்கிறது, அதனுள் வாழும் பாசி மட்டுமே வெளியேறியிருக்கிறது. சதையே உரிந்து வெறும் கல் தெரிகிறது, ஓரிரு நாட்களில் அதன்மேல் பச்சைப் பாசி படர்கிறது என்றால் அது திசு அழிவு. இரண்டுக்கும் மருத்துவம் வேறு.

மின்தடம்
எனக்கு மின்கசிவு என்றே தோன்றுகிறது. என் தொட்டியில் பழைய வேவ்மேக்கர் (நீரோட்டம் உண்டாக்கும் மோட்டார்) ஒன்றின் உறை விரிசல் விட்டிருந்தபோது இதே போல நடந்தது. ஒவ்வொரு கருவியாக அணைத்து மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள்.

ஆழ்கடலான்
தம்பி, இந்தக் கேள்விக்கு நான் எத்தனையோ முறை விடை எழுதியாகிவிட்டது. பழைய இழைகளை வாசிக்கும் பழக்கம் யாரிடமும் இல்லை. உங்கள் தொட்டிக்கு ஒரு வயதுகூட ஆகியிருக்காது என்று எழுதிக் கொடுக்கிறேன். ஸ்டைலோபோராவையும் மாண்டிபோராவையும் ஓராண்டு வளர்த்துக் கைப்பழக்கம் வந்த பிறகு தொட வேண்டியது அக்ரோபோரா. போகட்டும், என்ன தண்ணீரில் உப்புக் கரைக்கிறீர்கள்? சிங்கப்பூர்க் குழாய் நீரில் இருப்பது குளோரமைன் என்ற கிருமிநாசினி. வெறும் ஆர்.ஓ. சவ்வை நம்பினால் அது கடந்து வரும். கரி வடிகட்டியும் அயனி நீக்கும் பிசினும் நல்ல நிலையில் இருக்க வேண்டும். நீரில் கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் என்று ஒன்று இருப்பதாவது தெரியுமா?

ஈசூன்வாசி
டி.டி.எஸ். பூஜ்யம்தான், ஐயா, பிசினைச் சென்ற மாதம் மாற்றினேன். தொட்டி மூன்றடி, சம்ப்பையும் (கீழே உள்ள வடிகட்டித் தொட்டி) சேர்த்து 200 லிட்டர், ஒன்பது மாதம் ஆகிறது. உப்புத்தன்மை 35, வெப்பநிலை சில்லரில் (நீரைக் குளிர்விக்கும் கருவி) 26. ஆல்கலினிட்டி 10.4 டி.கே.எச். (அதை அளக்கும் அலகு), கால்சியம் 430, நைட்ரேட் 0, பாஸ்பேட் 0.00. நிறம் கூடுவதற்காக ஆறு வாரமாகப் பாஸ்பேட் நீக்கி ஓடுகிறது. பவளத்தில் சதை இல்லை, வெறும் கல்தான் தெரிகிறது.

நுண்ணோக்கி
அடியிலிருந்து தொடங்கியது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது தட்டைப்புழு. அக்ரோபோராவை மட்டுமே தின்னும் புழு ஒன்று இருக்கிறது. அது பவளத்தின் நிறத்திலேயே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. வட்டமான கடித்தடங்களும், செத்த பகுதியின் ஓரத்தில் பழுப்பு முட்டைக் கூட்டமும்தான் காட்டிக்கொடுக்கும். உங்கள் ஹேமர் நலமாக இருப்பதும் இதற்குப் பொருந்துகிறது. மருந்து நீரில் முக்கினால் புழுக்கள் விழுந்துவிடும், முட்டைகள் சாகா. அதனால் வாரம் ஒருமுறை எனப் பல வாரங்கள் முக்க வேண்டும். அடிப்பகுதியை உருப்பெருக்கியில் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

உப்புக்கரை
எண்களுக்கு நன்றி. எனக்கு உறுத்துவது இரண்டு. முதலாவது, ஆல்கலினிட்டி 10.4 என்பது தனியாகப் பார்த்தால் தவறான அளவு அன்று. இயற்கைக் கடல்நீரில் அது 7 அளவிலேயே இருந்தாலும் 10-இல் செழிக்கும் தொட்டிகளும் உண்டு. ஆனால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யமாக இருக்கும் தொட்டியில் அது ஆபத்து. எலும்பு வளரும் வேகத்திற்குச் சதை வளரத் தீனி கிடைக்காதபோது நுனி கருகுவதும், அடி உரிவதும் பலர் தொட்டிகளிலும் கண்டதே. இரண்டாவது, இந்த 10.4 எப்போதிலிருந்து? ஒரு மாதத்திற்கு முன் என்ன அளவு இருந்தது?

ஆழ்கடலான்
பாஸ்பேட் நீக்கியைக் குறை சொல்லாதீர்கள். பவளத்திட்டைச் சுற்றியுள்ள கடல்நீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சோதனைப் பெட்டிக்கு அகப்படாத அளவே இருக்கின்றன. பழுப்பு அக்ரோபோராவை வைத்துக்கொண்டு "ஆரோக்கியமாக இருக்கிறது" என்று சொல்வது, வளர்க்கத் தெரியாதவர்கள் தங்களுக்குச் சொல்லிக்கொள்ளும் ஆறுதல்.

பொங்கோல் அக்கா
அந்த ஆறுதலில் உண்மையும் இருக்கிறது, ஐயா. பழுப்பு என்பது சதைக்குள் வாழும் பாசியின் நிறம். நீலம், ஊதா, இளஞ்சிவப்பு ஆகியவை பவளமே உண்டாக்கும் புரதங்களின் நிறம். ஜெல்லி மீனில் கண்டுபிடிக்கப்பட்டு 2008-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றுத் தந்த பச்சை ஒளிர்புரதத்தின் குடும்பத்தைச் சேர்ந்தவை அவை. வலுவான ஒளியில் பவளம் அவற்றை அதிகம் உண்டாக்குகிறது. பாஸ்பேட் நீக்கி புதிதாக ஒரு நிறத்தையும் கொண்டுவருவதில்லை, பாசியைக் குறைத்து அடியில் ஏற்கெனவே இருப்பதைக் காட்டுகிறது, அவ்வளவுதான். அதையும் தாண்டிக் குறைத்தால், கடைக்காரர்கள் "பேஸ்டல்" என்று கூடுதல் விலைக்கு விற்கும் அந்த வெளிர்நிறம் வரும். அதை நான் பட்டினி என்றே சொல்வேன். கடல்நீரில் கரைந்த சத்து குறைவுதான், ஆனால் அங்கே இரவும் பகலும் மிதவை உயிர்கள் நீரோட்டத்தில் வந்துகொண்டே இருக்கின்றன. நம் தொட்டியில் அது எங்கே?

ஆழ்கடலான்
நோபல் பரிசைக் கரைத்து ஊற்றினால் பவளம் வளராது. பன்னிரண்டு ஆண்டுகளாக என் தொட்டியில் நைட்ரேட் பூஜ்யம். வந்து பார்த்தவர்களுக்கு நிறம் தெரியும்.

பொங்கோல் அக்கா
நாளுக்கு எத்தனை முறை மீன்களுக்கு உணவிடுகிறீர்கள்?

ஆழ்கடலான்
ஐந்து முறை. அது எதற்கு?

பொங்கோல் அக்கா
சோதனைப் பெட்டியில் பூஜ்யம் காட்டினாலும் உங்கள் பவளங்கள் நாளுக்கு ஐந்து வேளை சாப்பிடுகின்றன என்பதற்காகத்தான் கேட்டேன்.

முத்துக்குளி
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் தூத்துக்குடி. இந்த இழையைப் பார்த்து எனக்கும் ஆசை வந்துவிட்டது. கரையில் ஒதுங்கும் செத்த பவளக்கல்லை எடுத்துத் தொட்டியில் அடுக்கலாமா?

உப்புக்கரை
வேண்டாம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், 2001 முதல் கல்பவளங்கள் அனைத்தும் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்குள்ள அதே பாதுகாப்பு. செத்த துண்டும் அதில் அடங்கும். சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்தே மன்னார் வளைகுடாத் திட்டுகள் எவ்வளவு சேதப்பட்டன என்பது உங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். இங்கே சிங்கப்பூரிலும்கூடக் கல்பவளங்கள் சைட்டிஸ் (அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் இருப்பதால் அனுமதிச் சீட்டோடுதான் நாட்டுக்குள் வர முடியும். தனி இழை தொடங்குங்கள், பேசுவோம். ஈசூன்வாசி, நான் கேட்டதற்கு இன்னும் விடை வரவில்லை.

ஈசூன்வாசி
தாமதத்திற்கு மன்னிக்கவும். குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். மூன்று வாரத்திற்கு முன்பு வரை ஆல்கலினிட்டி 7.5 அளவில் நிலையாக இருந்தது. பிறகு வழக்கமான உப்பு கடையில் தீர்ந்துவிட்டதால் வேறொரு வாளி வாங்கினேன். அது பவளத் தொட்டிக்கென்றே செய்த உப்பு என்பதால், அதைச் சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. அதில் 80 லிட்டர் மாற்றினேன். வெள்ளை தெரிந்ததும் பயந்துபோய் மறுபடியும் 80 லிட்டர் மாற்றினேன். இப்போது அந்தப் புதிய நீரைத் தனியாக அளந்து பார்த்தேன், 12 காட்டுகிறது.

உப்புக்கரை
விடை கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். 7.5 இருந்த 200 லிட்டரில் 80 லிட்டரை எடுத்துவிட்டு 12 உள்ள நீரை ஊற்றினால் 9.3 வரும், அதே அளவு இன்னொரு முறை மாற்றினால் 10.4. நீங்கள் அளந்ததும் அதுவே. அக்ரோபோராவுக்கு ஒரு நாளில் 1 டி.கே.எச்.-க்கு மேல் ஏறுவதே அதிகம், இங்கே ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 2 ஏறியிருக்கிறது. மருந்து என்று நினைத்துச் செய்த இரண்டாவது நீர்மாற்றம் அதே அடியை மறுபடியும் கொடுத்திருக்கிறது. ஹேமர் தாங்கிக்கொண்டதில் வியப்பில்லை, அது கொஞ்சம் முரட்டுப் பவளம்.

இன்றிரவு செய்ய வேண்டியது: இனி நீர் மாற்றாதீர்கள், அமிலம் ஊற்றி இறக்கவும் முயலாதீர்கள். அன்றாடம் ஊற்றும் ஆல்கலினிட்டிக் கரைசலை நிறுத்துங்கள்; நோயுற்ற பவளம் குறைவாகவே எடுத்துக்கொள்ளும் என்பதால் பழைய அளவிலேயே ஊற்றிக்கொண்டிருந்தால் இன்னும் ஏறும். கொரலைன் பாசியும் மற்ற பவளங்களும் எடுத்துக்கொண்டு அது தானாக 8-க்கு இறங்கட்டும். கால்சியத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். 1 டி.கே.எச். குறையும்போது கால்சியம் 7 பி.பி.எம். அளவில்தான் குறையும் என்பதால் 430 எப்படியும் 410-க்கு மேலேயே நிற்கும். பாஸ்பேட் நீக்கியை எடுத்துவிட்டு மீன்களுக்கு ஒரு வேளை கூடுதலாக உணவிடுங்கள், விளக்கையும் சற்றுக் குறையுங்கள்.

உரிதல் நுனியை நெருங்குகிறது என்றால் காத்திருக்காமல், வெள்ளைக்கு மேலே குறைந்தது ஒரு செ.மீ. நல்ல சதையோடு சேர்த்து வெட்டி, ஜெல் சூப்பர்குளூவால் புதிய கல்லில் ஒட்டுங்கள். தாய்ப் பவளம் போனாலும் நிறம் மிஞ்சும்.

மின்தடம்
மல்டிமீட்டரிலும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஆழ்கடலான்
வாளி மாற்றினால் முதலில் அளக்க வேண்டும் என்பதை நான் முன்பே பழைய இழை ஒன்றில் எழுதியிருக்கிறேன்.

ஈசூன்வாசி
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நீலம் போய்விட்டது. ஊதா நுனியிலிருந்து நான்கு துண்டு வெட்டி ஒட்டினேன், அவற்றில் மூன்று நிற்கின்றன. ஒன்றில் அடிச்சதை கல்லின்மேல் படரத் தொடங்கியிருக்கிறது. ஆல்கலினிட்டி 8.0, நைட்ரேட் 4. நிறம் கொஞ்சம் பழுப்பாக இருக்கிறது. எல்லோருக்கும் நன்றி.

நுண்ணோக்கி
மகிழ்ச்சி. அடிப்பகுதியில் முட்டைகள் இருந்தனவா என்று பார்த்தீர்களா?