மழை மாசத்திலும் டெலிவரி தவறாமல்: மலையில் ஃப்ரீலான்ஸ் வேலை செய்பவர்களுக்கு

குன்னூர், வெப் டிசைன்:
இன்வெர்ட்டர் வாங்கும் முன் ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். லேப்டாப் 60 வாட், மானிட்டர் 25, ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் சேர்ந்து 15. மொத்தம் 100 வாட். 12 வோல்ட், 150 ஏ.ஹெச். (ஆம்பியர்-மணி) பேட்டரி என்றால் 1,800 வாட்-மணி என்று கணக்கு வரும். அதை நம்பி ஏமாறாதீர்கள். லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும். இன்வெர்ட்டரிலும் 20 சதவீதம் வரை வீணாகும். கைக்கு வருவது 720தான், அதாவது ஏழு மணி நேரம். உறைபனிக் காலத்தில் குளிரே இன்னும் ஐந்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். அதனால் பேட்டரியைத் திறந்த வராந்தாவில் வைக்காதீர்கள், காற்றோட்டமுள்ள உள்ளறையில் வையுங்கள். மேஜைக்கு மட்டும் தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள். கரண்ட் போன நேரத்தில் வீட்டில் யாராவது தெரியாமல் கெட்டிலைப் போட்டால் ஓவர்லோடில் எல்லாமே நின்றுவிடும்.

கோத்தகிரி, மொழிபெயர்ப்பு:
குன்னூர் அண்ணா சொன்னதோடு, ரவுட்டருக்கென்று ஒரு மினி யூ.பி.எஸ். தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டர் மாறும் அந்த ஒரு நொடியில் ரவுட்டர் அணைந்து எழுந்தால் வீடியோ கால் போச்சு. வாங்கும் முன் பழைய அடாப்டரின் அடியில் உள்ள எழுத்தைப் படியுங்கள். 12 வோல்ட், 1 ஆம்பியர் என்றிருந்தால் 2 ஆம்பியர் கொடுக்கும் யூ.பி.எஸ். எடுக்கலாம். ரவுட்டர் 9 வோல்ட் என்றால் 12 வோல்ட் துளையில் செருகாதீர்கள், கருகிவிடும். ஆம்பியர் போதாவிட்டால் அது அடிக்கடி தானே ரீஸ்டார்ட் ஆகும். பலர் அதை லைன் கோளாறு என்று நினைத்துப் புகார் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

இரண்டாவது சிம் எடுக்கும்போது கம்பெனியை மட்டும் பார்க்காதீர்கள், டவரைப் பாருங்கள். இரண்டு கம்பெனியும் ஒரே டவரில் தொங்கினால், அங்கே பேட்டரி தீர்ந்ததும் இரண்டும் சேர்ந்தே போகும். எதிர் மலையில் உள்ள டவரைப் பிடிக்கும் சிம்தான் உதவும். ஜன்னலோரம் வைத்துச் சோதியுங்கள், மூடுபனி நாளிலும் ஒருமுறை சோதியுங்கள்.

இடி இடித்தால் சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கைப் பிடுங்க வேண்டும்.

கூடலூர், டேட்டா வேலை:
கிளையன்டிடம் தேதி சொல்லும் முன் எந்தப் பக்கத்து மழை என்று பாருங்கள். கூடலூர், பந்தலூருக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் ஆபத்து. குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அந்த மாதங்களில் கற்பூர மரம் ஒன்று விழுந்தாலே கம்பியும் கேபிளும் சேர்ந்து அறுந்துவிடும். அப்போது மூன்று நாள் வேலைக்கு ஐந்து நாள் கேளுங்கள், கடைசி நாளுக்கு முந்தின இரவே கோப்பை ஏற்றிவிடுங்கள். பெரிய கோப்பை பிரவுசர் வழியாக ஏற்றாதீர்கள். பாதியில் அறுந்தால் பெரும்பாலும் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும். கூகுள் டிரைவ் போன்றவற்றின் கம்ப்யூட்டர் ஆப் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஏப்ரல், மே சுற்றுலா சீசனில் பகல் முழுக்க மொபைல் நெட் ஊர்ந்துதான் போகும், காலை ஐந்து மணிதான் நல்ல நேரம். கரண்ட் புகாருக்கு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987.

கொடைக்கானல், போட்டோகிராபி:
லென்ஸில் பூஞ்சை பிடித்தால் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். காற்று இறுகும் பிளாஸ்டிக் டப்பா, அரைக் கிலோ சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பத மீட்டர், இவ்வளவு போதும். முள் 40க்கும் 50க்கும் நடுவில் நிற்கட்டும். 60ஐத் தாண்டினால் ஜெல்லை 120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் காய வையுங்கள். குளிரிலிருந்து கேமராவைக் கொண்டுவந்ததும் பையைத் திறக்காதீர்கள். அரை மணி நேரம் கழித்துத் திறந்தால் உள்ளே நீர் கோக்காது.

ஊட்டி, கன்டென்ட் ரைட்டிங்:
பணம் வராமல் தவிக்கும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன், தயவுசெய்து முழுதும் படியுங்கள். புது வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே உத்யம் என்ற மத்திய அரசின் சிறுதொழில் பதிவைச் செய்துவிடுங்கள். ஆதாரும் பான் கார்டும் போதும், கட்டணம் கிடையாது, ஏஜென்டுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். அந்த எண்ணை இன்வாய்ஸில் போடுங்கள். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு, சிறு தொழில் செய்பவருக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்க முடியாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. இந்தியக் கிளையன்டுக்குத்தான் இது பொருந்தும், வெளிநாட்டுக்காரரிடம் பாதி அட்வான்ஸ் வாங்கிவிடுங்கள்.

இன்னொரு பிடியும் உண்டு. 2023-24 நிதியாண்டிலிருந்து, கெடு தாண்டிய பாக்கியை உண்மையில் கொடுக்கும் வரை கிளையன்ட் தன் வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது. பிப்ரவரியில் இதை அவர்களுடைய அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு மரியாதையாக ஒரு மெயிலில் எழுதுங்கள், மார்ச் 31க்குள் தீர்த்துவிடப் பார்ப்பார்கள். அசையாவிட்டால் மத்திய குறு, சிறு, நடுத்தரத் தொழில் அமைச்சகத்தின் இணையதளத்தில் மனு போடலாம். அங்கே கேட்பது வேலை உத்தரவும் இன்வாய்ஸும். வேலை வாட்ஸ்அப் பேச்சிலேயே முடிந்திருந்தால், "இந்தத் தேதியில் ஒப்படைத்தேன், பெற்றுக்கொண்டதை உறுதி செய்யவும்" என்று அன்றைக்கே ஒரு மெயில் அனுப்பி, பதிலையும் வாங்கி வையுங்கள். அந்தத் தேதியிலிருந்துதான் நாள் எண்ணுவார்கள்.