சாவியைப் பிடுங்கலாமா? சலான் குறித்து உதவி தேவை

வணக்கம். நேற்று மாலை பைக்கில் பின்னால் அமர்ந்திருந்த என் மனைவி ஹெல்மெட் அணியவில்லை, பிடித்தார்கள். தவறு எங்களுடையதுதான். மோட்டார் வாகனச் சட்டம் 194டி பிரிவில் 1,000 ரூபாய் அபராதம், அதில் எனக்கு வழக்கில்லை.

ஆனால் நிறுத்தியவுடனே ஒரு காவலர் சாவியை உருவிக்கொண்டார். டிஜிலாக்கரில் (ஆவணங்களை மின்னணு வடிவில் வைத்திருக்கும் அரசு செயலி) ஓட்டுநர் உரிமத்தைக் காட்டினேன், "அட்டை எங்கே?" என்றார். மின்னணு வடிவிலும் காட்டலாம் என்று மத்திய மோட்டார் வாகன விதி 139 சொல்கிறதே! கேட்டதற்கு முறைப்புதான் பதில். (மழை வேறு.) உரிமம் காட்டவில்லை என்றும் அதே இ-சலானில் சேர்த்துவிட்டார்கள்.

சாவியை எடுக்கக் காவலருக்கு அதிகாரம் உண்டா? ஹெல்மெட் அபராதத்தை மட்டும் கட்டிவிட்டு மற்றதை எதிர்க்க முடியுமா? மனுவை யாரிடம் கொடுப்பது? இப்படி எதிர்த்து வென்றவர்களோ வழக்கறிஞர்களோ இருந்தால் சொல்லுங்கள்.