உதவி: மாஸ்டா எம்எக்ஸ்-5 கார், அலைன்மென்ட் செய்த பிறகும் நேராக ஓடவில்லை

கிள்ளான்_ரோட்ஸ்டர்
அவசரம். சனிக்கிழமை காராக் நெடுஞ்சாலை வழியாகக் குவாந்தான் போகவேண்டும். போன வாரம்தான் தாழ்வான ஸ்பிரிங் போட்டு, வீல் அலைன்மென்ட்டும் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) செய்தேன். ஆனால் 90ஐத் தாண்டினால் வண்டி ஒரு கோட்டில் நிற்பதில்லை. நேற்று மழையில் லேன் மாறும்போது பின்பக்கம் தனியாகத் திரும்பப் பார்த்தது. கை நடுங்கிவிட்டது. கடையில் திரையைக் காட்டி எல்லாம் பச்சை என்றார்கள். யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

பழைய_டயர்
எந்த வருடத்து வண்டி? எத்தனை மில்லிமீட்டர் இறக்கினீர்கள்? டயர் அளவு, காற்று, அலைன்மென்ட் தாள் எல்லாம் போடுங்கள். பச்சை என்றால் அந்த மெஷினில் பதிந்திருக்கும் வரம்புக்குள் இருக்கிறது என்றுதான் அர்த்தம். அளவு தெரியாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

ஈப்போ_வளைவு
எனக்கு இது டயர் மாதிரிதான் தெரிகிறது. என் வண்டி இடது பக்கம் இழுத்தபோது இரண்டு முறை அலைன்மென்ட் செய்து காசு போனது. முன் டயர் இரண்டையும் இடம் வலம் மாற்றிப் போட்டேன், இழுப்பும் வலது பக்கம் மாறிவிட்டது. முதலில் இதைச் செய்யுங்கள், செலவே இல்லை. டயரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் மட்டும் மாற்றாதீர்கள்.

எட்டு_போல்ட்
இதே கேள்விக்கு எத்தனை முறை பதில் எழுதுவது? ஸ்பிரிங் மாற்றுகிறவர் வண்டிக்கு அடியில் ஒரு தடவையாவது படுத்துப் பார்த்திருக்க வேண்டும். நான்கு சக்கரத்துக்கும் லோயர் ஆர்மில் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க் கை) இரண்டிரண்டு கேம் போல்ட் (திருப்பினால் கோணம் மாறும் போல்ட்), மொத்தம் எட்டு. முன்னால் உள்ளவை கேம்பரையும் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்) கேஸ்டரையும் (ஸ்டீயரிங் திரும்பும் அச்சு முன் பின் சாயும் கோணம்) மாற்றும். பின்னால் உள்ளவை கேம்பரையும் டோவையும் (சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ பார்ப்பது) மாற்றும். பின் சக்கரத்தை முடித்துவிட்டுத்தான் முன்னால் வரவேண்டும், முன் டோ கடைசி. பெரும்பாலான கடைகளில் முன் டை ராடை (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டு) மட்டும் திருகிவிட்டு நான்கு சக்கரத்துக்கும் பணம் வாங்குவார்கள். இதுகூடத் தெரியாமல் வண்டியை இறக்கினால் இப்படித்தான்.

மழைச்சாலை
அண்ணே, தெரியாததால்தானே கேட்கிறார். கிள்ளான், ஒரு விஷயம் சொல்லுங்கள். பின்பக்கம் திரும்பப் பார்த்தது வலது லேனுக்குப் போகும்போதா, இடது லேனுக்குத் திரும்பி வரும்போதா?

கிள்ளான்_ரோட்ஸ்டர்
மன்னிக்கவும், வேலையில் இருக்கிறேன். 2001 என்பி (இரண்டாம் தலைமுறை), 1.8 லிட்டர். 30 மி.மீ. இறக்கம். டயர் 195/50 ஆர்15, காற்று 28 பிஎஸ்ஐ. முன் கேம்பர் மைனஸ் 1.2, மைனஸ் 1.1. கேஸ்டர் 5.1, 4.9. பின் கேம்பர் மைனஸ் 1.9, மைனஸ் 1.8. பின் டோ மொத்தம் மைனஸ் 0.05. வலது லேனுக்குப் போகும்போதுதான், இப்போது நீங்கள் கேட்டபிறகுதான் கவனிக்கிறேன். நேராக ஓடும்போது ஸ்டீயரிங் கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்து நிற்கிறது.

ஈப்போ_வளைவு
28 அதிகம். இந்த வண்டிக்கு 26 போதும். காற்றைக் குறைத்துப் பாருங்கள்.

மழைச்சாலை
காற்று இருக்கட்டும். பின் டோவின் மொத்தம் வேண்டாம், இடது எவ்வளவு, வலது எவ்வளவு?

கயிறு_கட்டி
எனக்கு மெஷின் தாளிலேயே நம்பிக்கை இல்லை. நான்கு ஸ்டாண்டு, இரண்டு கயிறு, ஒரு இரும்பு அளவுகோல் இருந்தால் வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம். வண்டியின் இரு பக்கமும் கயிறு கட்டி, கயிற்றிலிருந்து 15 இஞ்ச் ரிம்மின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் உள்ள தூரத்தில் 1 மி.மீ. வித்தியாசம் என்றால் டோ ஏறக்குறைய 0.15 டிகிரி. பத்து வருடமாக என் வண்டிக்கு இப்படித்தான் செய்கிறேன்.

எட்டு_போல்ட்
கயிற்றில் கேஸ்டரை எப்படி அளப்பாய்? இந்த வண்டியில் பின் டிராக் (இடது, வலது சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலம்) முன்னைவிடச் சுமார் 2.5 செ.மீ. அதிகம். அதைக் கழிக்காமல் கயிறு கட்டினால் நீ எடுக்கும் டோ எல்லாமே தப்பு.

கயிறு_கட்டி
கழித்துத்தான் கட்டுகிறேன், பக்கத்துக்கு அதில் பாதி. ஓட்டுகிறவர் சீட்டில் என் எடைக்கு அரிசி மூட்டையும் வைக்கிறேன். ஒரு டன் எடையுள்ள வண்டியில் 75 கிலோ ஒரு பக்கம் உட்கார்ந்தால் அளவு மாறாதா? எந்தக் கடையில் அதைச் செய்கிறார்கள்?

எட்டு_போல்ட்
நல்ல கடையில் செய்வார்கள். உனக்குத் தெரிந்த கடை அவ்வளவுதான்.

பழைய_டயர்
இரண்டு பேரும் தனி இழை போட்டுப் பேசுங்கள், அவருக்குச் சனிக்கிழமை பயணம் இருக்கிறது.

கிள்ளான்_ரோட்ஸ்டர்
இடது மைனஸ் 0.25. வலது பிளஸ் 0.20.

மழைச்சாலை
இதுதான் காரணம். கூட்டினால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வருவதால் மொத்தம் நன்றாகத் தெரிகிறது. ஆனால் இடது சக்கரம் வெளியே பார்க்கிறது, வலது உள்ளே பார்க்கிறது. அதாவது பின் சக்கரம் இரண்டுமே இடது பக்கம் பார்க்கின்றன. நேராகப் போக முன் சக்கரங்களும் அதே பக்கம் திரும்பவேண்டியிருக்கிறது, ஸ்டீயரிங் இடதில் நிற்பது அதனால்தான். வலது லேனுக்குத் திருப்பும்போது பாரம் இடது பின் சக்கரத்தில் விழுகிறது. வெளியே பார்க்கும் சக்கரத்தில் பாரம் ஏறினால் பின்பக்கம் வெளியே போகும். ஈரச் சாலையில் இது ஆபத்து. இதைச் சரிசெய்யும்வரை தயவுசெய்து நெடுஞ்சாலையில் ஓட்டாதீர்கள்.

வண்டிக்கு அடியில் டார்ச் அடித்து, இடது பின் லோயர் ஆர்மின் இரண்டு கேம் போல்ட்டையும் பாருங்கள். இரண்டையும் சேர்த்து நகர்த்தினால் பெரும்பாலும் கேம்பர்தான் மாறும். ஒன்றை மட்டும் திருப்பினால் டோவும் கூடவே ஓடிவிடும்.

கிள்ளான்_ரோட்ஸ்டர்
பார்த்தேன். ஒரு நட்டின் முனைகளில் துரு உரிந்து ஸ்பேனர் பட்ட இடம் பளபளக்கிறது. இன்னொன்று முழுக்கத் துரு. வாஷரில் உள்ள கோடுகளே தெரியவில்லை, காய்ந்த சேறும் அப்படியே இருக்கிறது. அதை யாரும் தொடவே இல்லை.

எட்டு_போல்ட்
போல்ட் புஷ்ஷுக்குள் (ஆர்மின் முனையில் உள்ள ரப்பர் உறை) இருக்கும் குழாயோடு துருப்பிடித்து ஒட்டிவிட்டது. பலம் போட்டுத் திருப்பினால் ரப்பர் கிழியும். துரு இளக்கும் எண்ணெயை இரண்டு நாள் ஊறவிடு. வரவில்லை என்றால் இரண்டு பக்கமும் அறுத்து எடுத்துப் புது போல்ட் போடவேண்டும். கேம்பர் முன்னால் மைனஸ் 1, பின்னால் மைனஸ் 1.5, பின் டோ பக்கத்துக்கு 0.10 உள்ளே. 30 இறக்கியிருந்தாலும் போல்ட் நகர்ந்தால் இது கிடைக்கும். தாளை இங்கே போடு, நான் பார்க்கிறேன்.

பழைய_டயர்
இன்னொன்று. நட்டுகளை இறுக்கும்போது சக்கரம் தரையில் இருக்கவேண்டும், தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது. தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு வண்டியைத் தூக்கி நிறுத்தும். நீங்கள் எடுத்த அளவு நாலு நாளில் மாறிவிடும்.

கிள்ளான்_ரோட்ஸ்டர்
வேறு கடையில் முடிந்தது. எண்ணெய்க்கு அசையவில்லை, அறுத்துத்தான் எடுத்தார்கள். பின் டோ இப்போது 0.10, 0.09. கேம்பர் மைனஸ் 1.5 இரண்டு பக்கமும். ஸ்டீயரிங் நேராக நிற்கிறது. குவாந்தானுக்குத் தங்கையின் வண்டியில் போய் வந்தோம், இதை இன்னும் மழையில் ஓட்டிப் பார்க்கவில்லை. மழைச்சாலை, எட்டு_போல்ட் அண்ணே, நன்றி.

கயிறு_கட்டி
அரிசி மூட்டை வைத்து எடுத்த அளவா, வைக்காமலா?