பொருள்: ‘ஸ்பேஸ் ராக்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

ம. எழுதியது

குழுமத்தார்க்கு வணக்கம்.

பிரிட்டிஷ் இசை பற்றிய கட்டுரை ஒன்றைச் சிற்றிதழுக்காக மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலைக்குள் கொடுக்க வேண்டும். தலைப்பில் வரும் ‘ஸ்பேஸ் ராக்’ (விண்வெளியில் மிதப்பதுபோல ஒலிக்கும் ராக் இசை வகை) மட்டும் இன்னும் படியவில்லை. முதலில் ‘விண்பாறை இசை’ என்று போட்டேன். மெய்ப்புப் பார்த்தவர் ஓரத்தில் பென்சிலால் “விண்கல் பற்றிய கட்டுரையா?” என்று எழுதியிருந்தார். அவர் கேட்டது நியாயம்தான்.

கட்டுரை 1962-இல் தொடங்குகிறது. அந்த ஜூலையில் டெல்ஸ்டார் செயற்கைக்கோள் மேலே போகிறது. லண்டன் ஹாலோவே சாலையில், தோல் சாமான் கடைக்கு மாடியில் ஒலிப்பதிவு செய்துவந்த ஜோ மீக், டொர்னாடோஸ் குழுவை வைத்து அதே பெயரில் ஓர் இசைத்தட்டு போடுகிறார். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அது முதலிடம் பிடிக்கிறது. அப்புறம் 1967-இல் பிங்க் ஃபிளாய்டின் முதல் தொகுப்பு, 1969-இல் ஹாக்விண்ட் குழு. சொல் ஒன்று தாருங்கள்.

இரா. எழுதியது

ம. அவர்களே, பாறையை விடுங்கள். ஆங்கிலத்தில் கல்லைக் குறிக்கும் ராக் பிரெஞ்சு வழி வந்தது; ஆடுவதைக் குறிக்கும் ராக் பழைய ஆங்கிலச் சொல். இரண்டுக்கும் வேரே வேறு. நமக்கு வேண்டியது ஆட்டம்.

அதற்கு நம்மிடம் ‘தூங்கல்’ இருக்கிறது. வஞ்சிப்பாவின் ஓசை தூங்கலோசை. புறநானூற்று யானையின் ‘தூங்கு கை’ உறங்கும் கையன்று, தொங்கி ஆடும் கை. இன்னும் ஒன்று: சோழன் எறிந்த ‘தூங்கெயில்’ வானத்தில் தொங்கிய கோட்டை! ஆட்டமும் அந்தரத்தில் மிதப்பதும் ஒரே வேரில் கிடைக்கின்றன. ஆகவே ‘விண்தூங்கிசை’.

க. எழுதியது

ஐயா, வேர் அழகாக இருக்கிறது. ஆனால் ‘தூங்கிசை’ என்று என் மாணவர்களிடம் சொன்னால் தாலாட்டு என்றுதான் நினைப்பார்கள். யாப்பு படித்தவருக்கு மட்டும் புரிகிற சொல்லை இதழில் போட்டு என்ன பயன்?

நான் கிட்டார் கற்றுக்கொடுக்கிறவன். இந்த இசையின் உள்ளே நடப்பதைப் பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம். பிங்க் ஃபிளாய்டின் கிட்டார் கலைஞர் சிட் பாரெட் பின்சன் எக்கோரெக் என்ற இத்தாலியப் பெட்டியைப் பயன்படுத்தினார். அதற்குள் ஓர் உலோக உருளை சுற்றிக்கொண்டே இருக்கும். வாசித்த ஒலியை ஒரு காந்த முனை அதில் பதியும். கொஞ்சம் தள்ளித் தள்ளி இருக்கும் மற்ற முனைகள் அதை எடுத்துத் திருப்பித் தரும். தட்டியது ஒரு தந்திதான், எங்கோ தொலைவிலிருந்து அது மறுபடி மறுபடி வந்து சேரும். ஹாக்விண்டில் டிக் மிக் கையில் இருந்ததோ ஆடியோ ஜெனரேட்டர், பட்டறை மேசையில் வைத்துச் சோதிக்கிற கருவி. ஒரே கார்டை (ஒன்றாக ஒலிக்கும் சில சுரங்களின் கூட்டு) குழு நிமிடக்கணக்கில் பிடித்துக்கொண்டு நிற்க, அதன் மேல் இவர் ஊளையும் சீழ்க்கையும் ஏற்றுவார்.

பாட்டின் பொருள் விண்ணாக இருக்க வேண்டியதே இல்லை. 1972-இல் பிரிட்டனில் மூன்றாம் இடம் வரை போன ‘சில்வர் மெஷின்’ விண்கலத்தைப் பற்றியது என்று கேட்டவர்கள் நினைத்தார்கள். எழுதிய ராபர்ட் கால்வர்ட் மனத்தில் இருந்தது ஒரு வெள்ளி நிற சைக்கிள். ஆக, இங்கே ‘ஸ்பேஸ்’ ஒலிக்குள் இருக்கும் அகலம். அதற்குச் சரியான சொல் வெளி. ஆனால் ‘வெளியிசை’ என்றால் வெளிநாட்டு இசை ஆகிவிடும். அதனால் ‘விண்வெளி ராக்’ போதும். ஜாஸை ஜாஸ் என்றுதானே சொல்கிறோம்?

ந. எழுதியது

விசும்பு என்றால் வானம்தானே, ‘விசும்பிசை’ என்று யாரும் சொல்லவில்லையே என்று எழுத உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த மகள், “அழுகிற பாட்டா அம்மா?” என்றாள். விட்டுவிட்டேன். என் வாக்கு க. அவர்களுக்கு.

இரா. எழுதியது

க., சைக்கிள் செய்தி எனக்குப் புதிது, நன்றி. ஆனால் ஜெர்மனியைப் பாருங்கள். டேஞ்சரின் ட்ரீம் போன்றவர்கள் தங்கள் இசையைத் தங்கள் மொழியிலேயே ‘கோஸ்மிஷே மூசிக்’ என்றார்கள். அண்ட இசை, அவ்வளவுதான். ராக் என்ற சொல்லே அதில் இல்லை. அதே இசைக்கு ஆங்கிலப் பத்திரிகைகள் ஒட்டிய பெயர் ‘கிரவுட்ராக்’. ஜெர்மானியரை முட்டைக்கோஸைச் சொல்லிப் பழிக்கும் சொல் அது. நாம் பெயர் வைக்காத இடத்தில் அடுத்தவர் வைத்த பெயர்தான் நிற்கும். முதல் மாதம் புரியாது. பத்து முறை அச்சில் கண்டால் புரியும். ‘பேருந்து’ அப்படித்தானே வந்தது?

க. எழுதியது

பேருந்து தினமும் தெருவில் ஓடுகிறது ஐயா. ஹாக்விண்ட் ஓடவில்லை.

ம. எழுதியது

எல்லோருக்கும் நன்றி. பக்கம் கட்டுபவர் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். தலைப்பிலும் கட்டுரையிலும் ‘விண்வெளி ராக்’ என்றே கொடுத்துவிட்டேன். ஜெர்மன் பகுதியில் மட்டும் இரா. ஐயா சொன்ன ‘அண்ட இசை’யை எடுத்துக்கொண்டேன், அங்கே அது நன்றாகவே பொருந்துகிறது.

இரா. எழுதியது

சரி, இந்த இதழுக்கு இப்படியே போகட்டும். குழுமத்தின் சொற்பட்டியலில் ‘விண்தூங்கிசை’யையும் பக்கத்தில் போட்டு வையுங்கள், எடுத்துவிட வேண்டாம். தூங்கெயில் பற்றித் தனி இழையில் நாளை எழுதுகிறேன்.