பீம் தேர்வு மாடல்: 93 சதவீதம் வந்தது, லாரியை நகர்த்தினால் 41

வாளையாறு வாசி:
எம்.டெக் கடைசி வருஷம். 26 கிகாஹெர்ட்ஸ் 5ஜி அலையில் பீம் தேர்வை (ஆன்டெனா சிக்னலைக் குவித்து அனுப்பும் திசைகளில், அதாவது பீம்களில், வண்டிக்கு எது நல்லது என்று எடுப்பதை) மெஷின் லேர்னிங் வைத்து வேகமாக்குவதுதான் புராஜெக்ட். கருவி வாங்கக் காசில்லை, அதனால் எங்கள் ஊர் செக்போஸ்ட் ரோட்டை ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பிலிருந்து எடுத்து, பிளெண்டரில் 3டியாகக் கட்டி, சியோனா என்ற மென்பொருளில் ரே டிரேசிங் (அலை எங்கே பட்டு எப்படித் திரும்புகிறது என்ற கணக்கு) ஓட்டினேன். ரோட்டோரம் ஒரு கம்பம், அதில் ஒரே வரிசையில் 16 ஆன்டெனா, மொத்தம் 64 பீம். நடுவில் லாரிகளை இரும்புப் பெட்டிகளாக நிறுத்தினேன். (இப்போது அவ்வளவு வரிசை கிடையாது, 2017இல் ஜிஎஸ்டி வந்து வணிகவரிச் சோதனை போனபிறகு குறைந்துவிட்டது. அப்பா லாரி ஓட்டியவர், ராத்திரி முழுக்க நின்ற அந்தக் காலத்து வரிசையை அவர் சொல்லச் சொல்ல வரைந்தேன்.)

20 சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி. வண்டியின் ஜிபிஎஸ் இடத்தைக் கொடுத்தால் எந்த பீம் என்று மாடல் சொல்ல வேண்டும். டேட்டாவை ரேண்டமாக டிரெயினிங்குக்கு 80, டெஸ்ட்டுக்கு 20 என்று பிரித்ததில் 93 சதவீதம் சரி, கைடுக்கும் சந்தோஷம். நேற்று லாரிகளை இடம் மாற்றி நிறுத்திப் பார்த்தேன், 41. மாடலில் லேயர் கூட்டினேன், எல்எஸ்டிஎம் என்ற வேறு வகை நெட்வொர்க் போட்டேன், ஒன்றும் அசையவில்லை. அடுத்த வாரம் ரிவ்யூ. எங்கே தப்பு?

கொழிஞ்சாம்பாறை அக்கா:
தம்பி, உங்கள் உண்மையான மார்க் 41தான். 20 சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி வைத்து ரேண்டமாகப் பிரித்தால், டெஸ்ட்டில் வரும் ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு பக்கமும் டிரெயினிங்கில் பார்த்த புள்ளி உட்கார்ந்திருக்கும், மாடல் பக்கத்து வீட்டைப் பார்த்து எழுதிவிடும். லாரி வரிசையை ஒரு இருபது முப்பது விதமாக மாற்றி மாற்றி நிறுத்துங்கள், அதில் சில வரிசைகளை முழுசாக டெஸ்ட்டுக்கு ஒதுக்குங்கள். புள்ளியாகப் பிரிக்காதீர்கள், காட்சியாகப் பிரியுங்கள்.

இரண்டாவது, ஜிபிஎஸ்ஸுக்கு லாரி தெரியாது. வண்டி அதே இடத்தில் நிற்கும், முன்னால் லாரி வந்தால் நல்ல பீம் வேறு எங்கோ போயிருக்கும், இதை எந்த லேயரும் ஊகிக்க முடியாது. போதாக்குறைக்கு நிஜ ஜிபிஎஸ் ஐந்து மீட்டர் தப்பினால், கம்பத்துக்கு 20 மீட்டர் தூரத்தில் அது கிட்டத்தட்ட 14 டிகிரி. 16 ஆன்டெனாவின் பீம் அகலமே ஆறரை டிகிரிதான். 100 மீட்டர் தள்ளிப் போனால் அதே ஐந்து மீட்டர் மூன்று டிகிரிக்குள் அடங்கிவிடும், அதனால் கிட்டே இருக்கிற வண்டிதான் தொல்லை.

அதனால் 64இல் நான்குக்கு ஒன்றாக 16 பீமை மட்டும் அளந்து அந்த சிக்னல் பலத்தை மாடலுக்குக் கொடுங்கள், மீதியை அது சொல்லட்டும். மொபைல் தரநிலை எழுதும் 3ஜிபிபி அமைப்பின் ரிலீஸ் 18 ஆய்வில் எடுத்துக்கொண்ட வழிகளில் இதுவும் ஒன்று, ரிவ்யூவில் 38.843 அறிக்கையைக் காட்டலாம். ஒரே பீமைக் கேட்காதீர்கள், நான்கைக் கேட்டு அந்த நான்கையும் அளந்து எடுங்கள். 16ம் 4ம் 20, எப்படியும் 64 இல்லையே.

பனங்காட்டுக் காற்று:
அக்கா சொன்னதெல்லாம் சரி, ஆனால் சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு ஏன் தொங்குகிறீர்கள் என்று தெரியவில்லை. 16 ஆன்டெனாவுக்கு 64 பீம் என்றால் பக்கத்துப் பக்கத்து பீம்கள் ஒன்றின் மேல் ஒன்று படுத்திருக்கும். நடுவில் தடையில்லாத நேர்ப்பார்வையில் இரண்டாவது நல்ல பீமைப் பிடித்தாலும் சிக்னல் பலத்தில் இழப்பு ஒரு டெசிபெல்லுக்குள்தான். அதைத் தப்பு என்று எண்ணினால் மாடல் பாவம். எத்தனை டெசிபெல் போச்சு என்று எழுது.

டவர் வேலையில் இருப்பவன் என்பதால் இன்னொன்று. 2022 ஏலத்தில் 26 கிகாஹெர்ட்ஸ் விற்றார்கள், ஆனால் நம் கையில் இருக்கும் போன்களில் பெரும்பாலானவை அந்த அலையைப் பிடிக்காது. வீட்டு மாடியில் மாட்டும் இன்டர்நெட் பெட்டிக்குத்தான் இப்போதைக்கு அது. மாடிப் பெட்டி ஓடாதே, அதற்கு எதற்கு ஊகம் என்று ரிவ்யூவில் கேட்பார்கள், தயாராகப் போ.

வாளையாறு வாசி:
அண்ணா, வண்டிக்குத் தேவை உண்டு. 64 பீமையும் ஒரு சுற்று வீச 5 மில்லி செகண்டுக்குள் முடிந்துவிடும், ஆனால் அந்தச் சுற்று வழக்கமாக 20 மில்லி செகண்டுக்கு ஒருமுறைதான். போன் தன் பக்கம் நான்கு திசை பார்த்தால் நான்கு சுற்று, 80 மில்லி செகண்ட். 60 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் வண்டி ஒன்றேகால் மீட்டருக்கு மேல் போய்விடும்.

அக்கா சொன்னபடி காட்சியாகப் பிரித்து, 16 அளந்து ஓட்டினேன். நான்குக்குள் சரியான பீம் 88 சதவீதம். இழப்பு சராசரி ஒரு டெசிபெல்லுக்குள். ஓரிடம் மட்டும் அடம் பிடிக்கிறது: கம்பத்துக்கு நேர் எதிரே, வேன் இரண்டு லாரிக்கு நடுவில் மாட்டினால் எதிர்ப்பக்க பெட்ரோல் பங்க் கூரையில் பட்டு வரும் பீம்தான் நல்லது, மாடல் பிடிவாதமாக லாரியையே பார்க்கிறது.

கொழிஞ்சாம்பாறை அக்கா:
அந்த மாதிரிக் காட்சி டிரெயினிங்கில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள், இரண்டு மூன்றுதான் இருக்கும். கூட்டுங்கள். அப்புறம், நான்கையும் அளந்தபிறகு எல்லாமே மந்தமாக இருந்தால் 64ஐயும் வீசிவிடு என்று ஒரு விதி வையுங்கள்.

பனங்காட்டுக் காற்று:
தம்பி, எல்லா லாரியும் இரும்புப் பெட்டியா? கண்டெய்னருக்கு அது சரி. தார்ப்பாய் போட்ட லாரியில் அலை அப்படித் திரும்பாது. உன் பங்க் கூரைப் பிரச்சனையே பாதி அதனால் வந்ததாக இருக்கும். அப்பாவைக் கேள்.

வாளையாறு வாசி:
கேட்டேன். பாதிக்கு மேல் தார்ப்பாய்தானாம், நடுவில் வைக்கோல் லாரி வேறு நிற்குமாம். "நீ கேக்கவே இல்லையே" என்கிறார். ராத்திரி உட்கார்ந்து திரும்ப வரைகிறேன்.