'சிருஷ்டியும்' என்ற சொல்லை ஏன் எடுத்துவிட்டீர்கள்?

வெள்ளவத்தையான்:
ஞாயிறு ஆராதனையில் வாலிபர்கள் புதுப்பாட்டு ஒன்று பாடினார்கள். வேதாகமத்தின் 51ஆம் சங்கீதம்தான், தாவீது ராஜா பாவமன்னிப்புக் கேட்டுப் பாடினது. "சுத்த இருதயத்தை என்னிலே சிருஷ்டியும்" என்று வேதாகமத்தில் இருப்பதை "சுத்த இருதயம் தாரும்" ஆக்கிவிட்டார்கள். ட்ரம்ஸ் இருக்கட்டும், அதில் எனக்குக் குறையில்லை. சொல்லில் ஏன் கைவைக்க வேண்டும்? ஆதியாகமம் முதல் வசனத்தில் தேவன் வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்தார் என்று வருகிற அதே சொல். எபிரெயத்திலும் இரண்டு இடத்திலும் ஒரே வினை. தாவீது முதலில் கழுவும் என்கிறான், கழுவினால் போதாது என்பதுபோல பிறகு புதிதாகவே உண்டாக்கும் என்கிறான். 'தாரும்' என்பது கடையில் சாமான் கேட்கிற மாதிரி இருக்கிறது.

கொயர் அக்கா:
அண்ணை, பாட்டைப் பழக்கினது நான்தான். பெடியளில் பாதிப் பேர் இங்கிலீஷ் மீடியம். ஆங்கில எழுத்தில் அடித்து வாட்ஸ்அப்பில் போட்டால்தான் வாசிப்பார்கள். ஒருவன் 'கிறிஸ்டியும்' என்று பாடினான். யாரந்தக் கிறிஸ்டி என்று மற்றவன் கேட்க, அன்றைய பயிற்சி அதோடு சரி! தஞ்சாவூர்க் கிறிஸ்தவப் புலவர் வேதநாயகம் சாஸ்திரியாரின் (1774–1864) கீர்த்தனைகளும் ஒருகாலத்தில் புதுசுதானே? அதற்கு முந்தின தரங்கம்பாடிக் கிறிஸ்தவர்கள், ஜெர்மன் மிஷனரிகள் கொண்டுவந்த ஜெர்மன் மெட்டில்தான் ஞானப்பாட்டுப் பாடினார்கள்.

வெள்ளவத்தையான்:
சாஸ்திரியார் மெட்டை நம்முடையதாக்கினார் தங்கச்சி, சொல்லை மெலிய வைக்கவில்லை. இன்னொன்று, சங்கீதத்தின் முதல் ஒன்பது வசனத்திலும் பாவத்தைச் சொல்லி அழுகிறான். உங்கள் பாட்டில் அது எங்கே? நேராகக் கைதட்டல்.

கொட்டாஞ்சேனை:
நான் கத்தோலிக்கன், நடுவில் வருகிறேன். எங்கள் திருவிவிலியத்தில் "தூயதோர் உள்ளத்தை என்னுள்ளே படைத்தருளும்" என்று இருக்கிறது. தவக்காலம் தொடங்குகிற திருநீற்றுப் புதனில் இந்தச் சங்கீதம்தான் பதிலுரைப் பாடல், வாசகத்துக்குப் பிறகு சபை பதில் சொல்லிப் பாடுவது. படைப்பு என்றால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். அதைப் போடலாமே?

கொயர் அக்கா:
நல்ல சொல். ஆனால் மெட்டில் உட்காராதே. 'தா'வை நீட்டித்தான் அந்த இடத்தில் பாட்டு மேலே ஏறுகிறது. அப்புறம் அண்ணை, 12ஆம் வசனத்தையும் வாசியுங்கோ: "உமது இரட்சணியத்தின் சந்தோஷத்தைத் திரும்பவும் எனக்குத் தந்து". கைதட்டலுக்கு இடம் இருக்கிறது, 'தந்து' என்ற சொல்லும் இருக்கிறது.

வெள்ளவத்தையான்:
'திரும்பவும்' என்பதை ஏன் விட்டுவிட்டுப் போகிறீர்கள்? இழந்தவன்தான் திரும்பக் கேட்பான். சரி, 'தந்து' இருப்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது சந்தோஷத்துக்கு. இருதயத்துக்கு இல்லை.

கொயர் அக்கா:
சனிக்கிழமை ஆறு மணிக்குப் பயிற்சி. வந்து இதைப் பெடியளுக்கே சொல்லுங்கோ. பிளேன்டீ உண்டு.

வெள்ளவத்தையான்:
வருகிறேன். 'தாரும்' மட்டும் பாட மாட்டேன்.