மூக்கடைப்பு மாத்திரையைக் கர்ப்பிணியும் பாலூட்டும் தாயும் உட்கொள்ளலாமா?

சுங்கை சிப்புட் வாசகி:
வணக்கம். எனக்குப் பத்தாவது வாரம் நடக்கிறது. என் ஓரகத்திக்குப் பிள்ளை பிறந்து இரண்டு மாதம் ஆகிறது. இருவருக்கும் சளி பிடித்து, மூக்கடைப்பால் இரவில் தூக்கமில்லை. என் கணவர் தமக்காகப் பார்மசியில் வாங்கிய, லொரட்டடினும் சூடோஎபெட்ரினும் கலந்த மாத்திரை வீட்டில் மீதமிருக்கிறது. ஆளுக்கொன்று போட்டுக்கொள்ளலாம் என்கிறார் மாமியார். செய்யலாமா?

ஓய்வுபெற்ற மருந்தாளர்:
இருவருக்குமே வேண்டாம், அம்மா. ஆனால் காரணங்கள் வேறு. சூடோஎபெட்ரின் இரத்தக் குழாய்களைச் சுருக்கித்தான் அடைப்பை நீக்குகிறது. விழுங்கும் மருந்து மூக்கோடு நிற்பதில்லை என்பதால், சிசுவின் உறுப்புகள் உருவாகும் முதல் மூன்று மாதங்களில் அதைத் தவிர்க்கச் சொல்வது வழக்கம். அக்காலத்தில் அதை உட்கொள்வதற்கும், வயிற்றுச் சுவர் மூடாமல் குழந்தை பிறக்கும் அரிய குறைபாட்டுக்கும் தொடர்பிருக்கலாம் எனச் சில ஆய்வுகள் காட்டின. அது உறுதியாகவில்லை, இருந்தாலும், தானே தீரும் சளிக்காக அந்த ஐயத்தைச் சுமப்பானேன்?

உங்கள் ஓரகத்தியின் நிலை வேறு. பாலில் கலக்கும் அளவு குறைவுதான். பிள்ளை சற்றுச் சிணுங்கலாம், தூங்க மறுக்கலாம். ஆனால் பால் சுரப்பே குறையக்கூடும். 2003இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், 60 மில்லிகிராம் சூடோஎபெட்ரினை ஒரே ஒரு வேளை உட்கொண்ட தாய்மாருக்கு, 24 மணி நேரத்தில் சுரந்த பால் சராசரியாக 24 விழுக்காடு குறைந்தது. ஆய்வில் இருந்தவர்கள் எட்டுப் பேர்தான் என்றாலும், சுரப்பு இன்னும் நிலைபெற்று வரும் இரண்டாம் மாதத்தில் இதைப் புறக்கணிக்க மாட்டேன்.

லொரட்டடின் மட்டும் இருந்திருந்தால் இவ்வளவு தயங்கியிருக்க மாட்டேன். ஆனால் அது ஒவ்வாமைக்கு உரியது, சளியடைப்புக்கு அதிகம் உதவாது.

தோட்டத்து அக்கா:
தங்கைக்கு ஒரு வார்த்தை. சளியே இல்லாமலும் கர்ப்பத்தில் மூக்கு அடைக்கும். பிள்ளை பிறந்ததும் அது தானாகவே விலகிவிடும். பார்மசியில் கிடைக்கும் உப்புநீர்த் தெளிப்பானை இருவரும் தயங்காமல் பயன்படுத்தலாம். தலையணையை உயர்த்திப் படுங்கள். தைலம் தடவிக்கொண்ட கையோடு மட்டும் கைப்பிள்ளையைத் தூக்காதீர்கள். கற்பூரமும் மெந்தாலும் அதன் மூச்சுக்கு ஆகாது.

சுங்கை சிப்புட் வாசகி:
நன்றி, அக்கா. ஐயா, ஃபெனிலெஃப்ரின் கலந்த சளி மாத்திரையோ மூக்கில் அடிக்கும் மருந்தோ பரவாயில்லையா? எனக்கு இரத்த அழுத்தம் சற்றுக் கூடுதல் என்று தாய் சேய் கிளினிக்கில் மிஸ்ஸி (தாதி) குறித்திருக்கிறார்.

ஓய்வுபெற்ற மருந்தாளர்:
அந்த மாத்திரையால் பயனே இல்லை. விழுங்கினால் அது மூக்கடைப்பை நீக்குவதில்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 2023இல் ஒருமனதாக முடிவு செய்தது. மூக்கில் அடிக்கும் ஆக்சிமெட்டசோலின் தெளிப்பான் இரத்தத்தில் கலப்பது குறைவு என்பதால், பாலூட்டும் உங்கள் ஓரகத்தி அதைப் பயன்படுத்தலாம். மூன்று நாளைத் தாண்டினால் அடைப்பு முன்னிலும் மோசமாகும். உங்களுக்கோ, அழுத்தம் கூடுதலாக இருக்கையில், குழாய்களைச் சுருக்கும் எந்த மருந்தையும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். கிளினிக்குக்குப் போகும்போது வீட்டில் மீதமிருக்கும் மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கடும் தலைவலியோ கண் மங்கலோ வந்தால், அது சளியால் வந்தது என்று எண்ணிக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.